மருதம்பட்டைக் கஷாயம்

எங்கள் நேசபுரத்தில் ஒருவனுக்கு நெஞ்சு வலி என்று தெரிந்துவிட்டால் போதும், வலியில் பிழைத்தாலும் ரொட்டி தின்றே செத்துப்போவான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கீழே, மின்சாரக் காற்றாடிகளின் காலடியில் கிடக்கிற சின்ன ஊர் இது. ஒரு சபை, ஒரு ரேஷன் கடை, இரண்டு டீக்கடை, அவ்வளவுதான். ஆனி பிறந்துவிட்டால் மலை இடுக்கு வழியாக வருகிற காற்று மண்ணையும் பூவரசம் இலையையும் அள்ளிக்கொண்டு வந்து சோற்றுச் சட்டியில் போடும். அந்தக் காற்றிலும் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் ரொட்டியும் ஆரஞ்சும் தொங்க, எபிசன் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

எபிசனுக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. அது ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று எபிசன். இன்னொன்று அவன் பெண்டாட்டி பிளஸ்ஸி. அந்த வலியை உண்டாக்கியவளே அவள்தான். இதெல்லாம் பிறகு அவளே சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எபிசன் ஒரு காற்றாடிக் கம்பெனியில் மெக்கானிக். அந்த வலி பிறந்த நாளில், மத்தியானம் பிளஸ்ஸி பேங்குக்குப் போயிருந்தாள். வீட்டு ஓடு மாற்றுவதற்காகச் சிறுகச் சிறுகப் போட்டு வைத்திருந்த பணத்தை எடுக்கத்தான் போனாள். கணக்கில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். எபிசன் அடுக்களைப் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பைசா எங்க?" என்றாள்.

அவன் முதலில் பேங்குக்காரனைத் திட்டினான். பிறகு சிஸ்டம் சரியில்லை என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"இஞ்ச பாருங்க, நான் கேக்கது காதுல விழுதா? பைசா எங்க?"

"போன்ல சீட்டு வெளையாடுனேன்."

"ரம்மியா? அதத்தான் சர்க்காரு நிறுத்திட்டுன்னு பேப்பர்ல வந்துதே!"

"அது நின்னுட்டு. பொறவு வேற லிங்கு ஒண்ணு வந்துது."

"யாரு அனுப்புனா?"

"தெரியாது. யாரோ."

"பேரு தெரியாத ஒருத்தன் அனுப்புனான்னு, நம்ம வீட்டுக் கூரையப் பிரிச்சு அவனுக்குக் குடுத்துட்டியளா?"

எபிசன் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். நல்ல உயரமான ஆள். அந்த ஆள் படியில் சுருண்டு உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து வீட்டு நேசபாய்க்குக் கறிவேப்பிலை தீர்ந்து போகவேண்டும்? சுவருக்கு மேலே தலை வந்தது.

"ஏட்டி பிளஸ்ஸி, ரெண்டு கொத்து கறிவேப்பில ஒடிச்சுத் தாயேன்... அய்யோ, எபிசனுக்கு என்னட்டி ஆச்சு?"

நேசபாய் எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சேதி போய் விழுந்தால் சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் போய்விடும். பிளஸ்ஸி அந்தச் சேதியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். சூதாடி. சூதாடிக்குப் பெண்டாட்டி. எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள் பெபிஷா, சூதாடியின் மகள். அந்தச் சொல்லை எப்படிச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுப்பாள்?

"நெஞ்சு வலிக்குன்னு சொல்லுதாவ மாமி" என்றாள்.

அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. பழகியிருந்தால் வயிற்றுப்போக்கு என்று சொல்லிக் காரியத்தை முடித்திருப்பாள்.

அடுத்த நிமிடம் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. நேசபாயும் கூடவே ஏறப் பார்த்தாள். பிளஸ்ஸி அவளைப் பெபிஷாவுக்குக் காவல் வைத்துவிட்டு, எபிசனைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனாள். ஆட்டோ நாகர்கோவிலுக்குப் போனது. பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறார் என்று சொல்லி வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவை அனுப்பிவிட்டு, ஒரு கடையில் கடுங்காப்பி வாங்கிக் குடித்தார்கள். மருந்துக்கடையில் சத்து மாத்திரை ஒரு அட்டை வாங்கினாள் பிளஸ்ஸி. ஆஸ்பத்திரி போய்வரப் பிடிக்கிற நேரம் கழியட்டும் என்று பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இனி அந்த இழவைத் தொடமாட்டேன் என்று பெபிஷா தலைமேல் சத்தியம் செய்தான் எபிசன். அதையும் நம்பித்தான் ஊருக்கு வந்து, "மாத்திரை தந்திருக்காவ, ரெஸ்ட் எடுக்கச் சொன்னாவ" என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக் குறிப்புகள் வாசித்தார்கள். முதலில் எப்போதும்போல நேசபாயின் மகன் ஜெரிஷ். துபாயிலிருந்து லீவில் வந்தவன், விசாவில் ஏதோ தடை என்று வீட்டோடு கிடக்கிறான். அந்தத் தடை நீங்குவதற்காகச் சபை பல மாதங்களாக ஜெபித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அடுத்து, "சகோதரன் எபிசனுடைய இருதய சுகத்திற்காக." பிளஸ்ஸி குனிந்த தலை நிமிரவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் வீட்டு ஜெபம். கமிட்டி செயலாளர் ஞானையன் தலைமையில் முன்னறை நிறைய ஆட்கள். எபிசனை மடக்குக் கட்டிலில் படுக்க வைத்து, கழுத்து வரைக்கும் போர்வை போர்த்தியிருந்தாள் பிளஸ்ஸி. ஞானையன் அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "கர்த்தாவே, இந்த இருதயத்தைத் தொடும்" என்று உருகினார். அந்த நேரத்தில் போர்வைக்குள்ளே, எபிசனின் இடுப்பு மடிப்பில் இருந்த போன் நடுங்கியது. கம்பிக் கட்டில் முழுக்க அந்த நடுக்கம் ஓடியது.

ஞானையன் கண்ணைத் திறந்தார். "மக்கா, கட்டிலு வரைக்கும் அதிருதே உனக்க நெஞ்சு! இப்பிடியா அடிக்கும்?"

எல்லோரும் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எபிசன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கண்ணீர் இரண்டு காதிலும் வழிந்தது. விசுவாசத்தின் கண்ணீர் என்றார் ஞானையன். பிளஸ்ஸிக்கு அது எந்த நடுக்கம் என்று தெரிந்தது. சுவரில் சாய்ந்து நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலைசுற்றல் என்று அவளுக்கும் ஒரு ஜெபம் நடந்தது.

ஜெபத்தோடு விட்டார்களா? ஞானையன் மறுநாள் விடியற்காலம் தோவாளைக் கால்வாய்க் கரைக்குப் போய், மருதமரத்தில் பட்டை வெட்டிக்கொண்டு வந்து, தானே இடித்து, தானே காய்ச்சி, தூக்குச்சட்டியில் கஷாயம் கொண்டுவந்தார். நெஞ்சுக்கு அதைவிடக் கண்கண்ட மருந்து கிடையாதாம். எபிசன் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நின்றார். கிழவருக்கு மூட்டுவலி உண்டு. அந்தக் காலோடு கால்வாய்க் கரையில் ஏறி இறங்கியிருக்கிறார். கஷாயத்தின் துவர்ப்பைவிட அதுதான் எபிசனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

நேசபாய் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டாள். சுவருக்கு மேலிருந்தே உத்தரவு வரும்.

"ஏட்டி, மீன் கறிக்கு உப்பு போடாத."

"செரி மாமி."

"மரச்சீனிக் கெழங்கும் வேண்டாம், வாயு. கருவாட்டுச் சட்டிய எடுத்து இஞ்ச தா, நான் வச்சிக்கிடுதேன். வீட்டுல இருந்தா அவன் கையி சும்மா இருக்காது."

நெத்திலிக் கருவாடு பொரித்தால் இரண்டு தட்டுச் சோறு தின்கிறவன் எபிசன். உப்பில்லாத குழம்பை ஊற்றிப் பிசைந்து, முகத்தைச் சுளிக்காமல் தின்றான். சுளிக்க அவனுக்கு என்ன முகம் இருக்கிறது?

இதுவரைக்கும் நாணக்கேடு மட்டும்தான். அதற்குப் பிறகுதான் உண்மையான கேடு வந்தது. அது கோலப்பனின் உருவத்தில், நெற்றியில் திருநீறோடு, பைக்கில் வந்து இறங்கியது. கோலப்பன் பூதப்பாண்டிக்காரர், காற்றாடி சைட்டில் சூப்பர்வைசர். டீக்கடையில் சேதி கேட்டு நேராக வந்திருந்தார்.

"என்னடே எபிசா, நெஞ்சு நோவுன்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமா? இவ்ளோ நாளும் நெஞ்சு நோவோடயா மேல ஏறிக்கிட்டு இருந்த?"

"இல்ல அண்ணாச்சி, கொஞ்சம்தான்..."

"என்னது கொஞ்சம்? கோபுரத்துக்குள்ள பாதி ஏணியில வச்சு உனக்கு என்னமாவது ஆச்சுன்னா ஒத்த ஆளா உன்ன நான் எப்பிடிடே கீழ எறக்குவேன்? இனி நீ ஏறாண்டாம். டாக்டரு எழுதித் தரட்டும், அதுவரைக்கும் ஸ்டோர் ஷெட்டுல இரி. சாமான் எடுத்துக் குடுத்தா போரும். சம்பளத்துக்கு நான் பேசிக்கிடுதேன்."

"அண்ணாச்சி, நான் ஏறுவேன். எனக்கு ஒண்ணுமில்ல."

"சும்மா கெட. தங்கச்சி, இவன் சொல்லுகதக் கேக்காண்டாம். நான் முப்பந்தல் அம்மனுக்குப் பொங்கல் வைக்கதா நேந்திருக்கேன். எல்லாம் செரியாவும்."

பிளஸ்ஸி காப்பி போட உள்ளே போனவள் அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். சபையில் சொன்ன பொய் போதாது என்று முப்பந்தல் வரைக்கும் போய்விட்டது.

எபிசனின் வேலை எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் இதில் இருக்கிற கேடு விளங்கும். ஒரு காற்றாடியில் கோளாறு என்றால் முதலில் அதை நிறுத்தவேண்டும். பிறகு இடுப்பிலும் தோளிலும் பெல்ட் மாட்டி, கொக்கியைக் கம்பியில் கோத்து, கோபுரத்துக்கு உள்ளே இருக்கிற ஏணியில் ஏறவேண்டும். உள்ளே வெந்துபோகும். உச்சியில் போய்த் தட்டைத் திறந்தால் காற்று முகத்தில் அறையும். அங்கே குனிந்து, படுத்து, போல்ட்டுகளை முறுக்கவேண்டும், கிரீஸ் அடிக்கவேண்டும். இரண்டு கையும், இரண்டு காலும், புத்தியும் வேண்டும். போனைக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும் என்பது கோலப்பன் வைத்த சட்டம். யாரோ ஒருவன் மேலேயிருந்து போனைத் தவறவிட்டு, கீழே நின்றவன் மண்டை தப்பியதிலிருந்து அந்தச் சட்டம்.

எபிசனுக்கு அந்த உச்சி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மேலே இருக்கிற நேரத்தில் சீட்டு இல்லை, லிங்கு இல்லை, விட்டதைப் பிடிக்கவேண்டும் என்கிற வெப்ராளம் இல்லை. இல்லாத நெஞ்சு வலி அவனை அங்கேயிருந்து இறக்கி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் போனையும் கொடுத்து, நாள் முழுக்கச் சும்மா இரு என்று சொல்லிவிட்டது.

ஒரு நாள் பிளஸ்ஸி மத்தியானச் சோறு கொண்டு சைட்டுக்குப் போனாள். காலையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். முள்ளும் செம்மண்ணுமான பாதை, தலைக்கு மேலே இறக்கைகள் சுற்றுகிற இரைச்சல். ஸ்டோர் ஷெட்டின் கதவு திறந்து கிடந்தது. காற்றில் உள்ளே மண் வாரி அடித்து, மேசைமேல் இருந்த பேப்பர் எல்லாம் தரையில் பறந்துகொண்டிருந்தது. எபிசன் அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. வெளியே ஒரு ஆள் "எபிசா, கிரீஸ் டின்னு எடு" என்று கத்தினான். அதுவும் கேட்கவில்லை. கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். ராத்திரி தூக்கத்திலும் அது அப்படித்தான் அசைகிறது. களைப்பு என்று நினைத்து அவள் அதைப் பிடித்து நீவிவிட்டிருக்கிறாள். இது திமிரில்லை, ஆசைகூட இல்லை, இந்த மனுஷன் இதற்குள்ளே அகப்பட்டுக் கிடக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சோற்றுப் பாத்திரத்தை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

எபிசன் திடுக்கிட்டு எழுந்தான். போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"மறைக்காண்டாம். பாத்துட்டேன்."

"பிளஸ்ஸி..."

"பிள்ள தலையில கை வச்சியள."

"வச்சேன்."

"பொறவு?"

"முடியல்ல." அவன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். "நிறுத்தணும்னுதான் நெனைக்கேன். ஒரு ஆட்டம் ஜெயிச்சா விட்டத எல்லாம் எடுத்து உனக்கக் கையில தந்துட்டு நிறுத்திருவேன்னு தோணுது. ஜெயிச்சாலும் நிறுத்த முடியல்ல. மேல ஏறுனா ஒண்ணும் தோணாது, பிளஸ்ஸி. சத்தியமா தோணாது. என்ன மேல ஏறவிடச் சொல்லு."

"நான் எப்பிடிச் சொல்லுவேன்? உங்களுக்குத்தான் நெஞ்சு நோவாச்சே!"

சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவனும் அழுதான். பிறகு கிரீஸ் டின் கேட்டவன் வந்து நிற்கவும் இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நெஞ்சு நோயாளி வீட்டில் அழுகை சகஜம்தானே என்று அவனும் பேசாமல் போய்விட்டான்.

மேலே ஏறவேண்டுமானால் டாக்டர் எழுதித் தரவேண்டும். ஆக, பொய்க்கு வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை போனவர்கள் உண்மைக்கு ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்கே போனார்கள். ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நெஞ்சு நன்றாகத்தானே இருக்கிறது, வலி எப்போது வரும் என்று கேட்டார். எபிசன் தரையைப் பார்த்தான். டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"வலி இல்ல டாக்டர்" என்றாள் பிளஸ்ஸி. "இவிய போன்ல காசு வச்சு சீட்டு வெளையாடுதாவ. நிறுத்த முடியல்ல. சொல்லதுக்கு வெக்கப்பட்டு நாங்கதான் நெஞ்சுன்னு சொன்னோம்."

முதல் தடவையாக அந்தச் சொல்லை அவள் வேறொருவரிடம் சொன்னாள். கூரை இடிந்து விழவில்லை. டாக்டர் ஒரு சீட்டு எழுதி, மனநலப் பிரிவுக்குப் போங்கள், இதற்கும் பார்க்கிறார்கள் என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் எபிசன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டான். வராந்தா முழுக்க, தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தான்.

அங்கே ஆலோசகராக இருந்தது தன்யா என்கிற ஒரு பெண். எபிசனைவிட வயதில் இளையவள். அவள் திட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"விட்டதப் பிடிக்கணும்னு திரும்பத் திரும்ப வெளையாடியிருக்கியளா?"

தலையை ஆட்டினான்.

"வெளையாடாத நேரம் எரிச்சல் வருமா? தூக்கம் கெடுமா?"

அதற்கும் ஆட்டினான்.

"வீட்டுல மறைச்சியளா?"

அவன் பிளஸ்ஸியைப் பார்த்தான். "இவகிட்ட மட்டும் இல்ல. ஊருகிட்டயே மறைச்சேன்" என்று நெஞ்சு வலிக் கதை முழுவதையும் சொன்னான். கட்டில் அதிர்ந்ததையும், மருதம்பட்டையையும், முப்பந்தல் பொங்கலையும் சொன்னான். தன்யா சிரிக்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"இது இப்படித்தான் ஆளப் பிடிச்சு வைக்கும் அண்ணா. இதுக்கு வைத்தியம் உண்டு. வியாழக்கிழமை தோறும் வாங்க, அக்காவும் கூட வரட்டும். பைசா கொஞ்ச நாளைக்கு அக்கா கையில இருக்கட்டும், போனும் சாதா போன் போதும். வெளையாடத் தோணுனா உடனே யார்கிட்டயாவது சொல்லணும். யாரும் இல்லேன்னா 14416-க்குக் கூப்பிடுங்க, ராத்திரின்னாலும் எடுப்பாவ." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு இப்படி இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அதுதான் கஷ்டம். வேலை பாக்க எடத்துல ஒருத்தருக்காவது தெரியணும்."

மறுநாள் எபிசன் கோலப்பனிடம் சொன்னான். ஸ்டோர் ஷெட்டுக்குப் பின்னால், காற்றாடித் தூணின் நிழலில் நின்று சொன்னான். ஈசிஜி காகிதத்தையும் காட்டினான். கோலப்பன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நான் இத கம்பெனிக்கு எழுதுனா நாளைக்கே நீ கேட்டுக்கு வெளிய. தெரியுமாலே?"

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சும் எதுக்குச் சொன்ன?"

"சொல்லாம இருந்தா அந்த நாற்காலியிலேயே நான் செத்துப்போவேன்."

"ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லணும். மேல ஏறும்போ ஒரு நாளாவது போன ஒளிச்சுக் கொண்டு போனியா?"

"இல்ல அண்ணாச்சி. ஒரு நாளும் இல்ல. பெபிஷா..." மகள் பெயரைச் சொல்லி ஆணையிடப் போனவன் நிறுத்திக்கொண்டான். "இல்ல" என்று மட்டும் சொன்னான்.

கோலப்பன் அவன் முகத்தையே பார்த்தார். "அந்த ஆஸ்பத்திரிப் பிள்ள எழுதித் தரட்டும். அதுவரைக்கும் ஸ்டோர்தான். ஆனா உன்னால அந்த நாற்காலியில இருக்க முடியாது, வா, எனக்கக் கூட கிரீஸ் டின்னு சுமந்து நட. வியாழக்கிழமை லீவு. போன எனக்க டூல் பெட்டியில போடு."

"பொங்கலு நேந்தியளே அண்ணாச்சி..."

"நெஞ்சுக்குன்னு நேந்தேன். நெஞ்சு நல்லாத்தான இருக்கு? வச்சிர வேண்டியதுதான். வந்து ஒரு வாயி தின்னுட்டுப் போ, சவத்து மூதி."

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். நடுவில் ஒரு நாள் பெபிஷாவின் போனை எடுத்து அவன் மறுபடியும் விளையாடினான். ஆனால் அன்று விளக்கு வைப்பதற்குள் அவனே வந்து பிளஸ்ஸியிடம் சொன்னான். அவள் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அடுத்த வியாழக்கிழமை அதையும் தன்யாவிடம் சொன்னார்கள். சில வாரங்களில், இனி மேலே ஏறலாம் என்று தன்யாவின் அறையிலிருந்து கடிதம் வந்தது. கோலப்பனே பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அவனுக்குப் பின்னால் தானும் ஏணியில் ஏறினார்.

எபிசன் மேலே ஏறுகிறான் என்று ஊரில் தெரிந்ததும் ஞானையன் தூக்குச்சட்டியோடு ஆனந்தப்பட்டார். நேசபாய் சாட்சி சொல்லவேண்டும் என்று பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தர் இருதயத்த சுகமாக்கியிருக்காரு, நாலு பேரு முன்னால சொல்லாண்டாமா மக்களே? வாற ஞாயிறு சொல்லிரு. நான் ஐயர்ட்ட சொல்லியாச்சு."

பிளஸ்ஸி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. பொய்ச் சாட்சி சொல்லவும் முடியாது, மெய்யைச் சொல்லவும் நாக்கு எழும்பாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் போதகரான ஐயர் கூப்பிட்டதும் எபிசன் எழுந்து நின்றான். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எனக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல" என்றான். "அல்லேலூயா" என்றார் முன்வரிசையில் ஞானையன்.

"ஒருநாளும் இருந்ததும் இல்ல. நான் போன்ல சீட்டு வெளையாடி வீட்டுப் பைசாவக் கெடுத்தவன். சொல்லதுக்கு வெக்கப்பட்டு நெஞ்சு வலின்னு சொன்னோம். நீங்க எனக்க நெஞ்சுல கை வச்சு ஜெபிச்சிய, நான் பேசாம கெடந்தேன். இப்பம் ஆசாரிப்பள்ளத்துல காட்டுதேன். மன்னிச்சிருங்க."

உட்கார்ந்துவிட்டான். ஐயர் அவசரமாக ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, செருப்பைத் தேடுகிற சாக்கில் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். ஞானையன் மட்டும் எதிரே வந்து நின்று, "அப்பம் நான் வெட்டுன பட்ட?" என்று கேட்டார். எபிசன் பதில் சொல்வதற்குள் திரும்பி நடந்துவிட்டார். மூட்டுவலியோடு நொண்டிக்கொண்டு போனார்.

அன்று அவர்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நெஞ்சு வலிக்கு வாசல் நிறைய ரொட்டி கொண்டுபோன ஊர்தான் இது. சூதுக்கு என்ன கொண்டுபோவது என்று இந்த ஊருக்குத் தெரியவில்லை. மேலத் தெருவில் ஒருத்தி பெபிஷாவோடு பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்று தன் பிள்ளையைத் தடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. எல்லாவற்றையும்விட அதுதான் பிளஸ்ஸிக்கு வேதனையாக இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று எபிசனிடம் கேட்டாள். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆனால் உறங்கினான், அந்த விரல் அசையவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பிளஸ்ஸி புறவாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கருவாடு பொரிக்கிற மணம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே ஒரு தட்டு எழும்பியது, வாழையிலை போட்டு மூடியிருந்தது. அதற்குப் பிறகு நேசபாயின் தலை.

"இனி உப்பு தின்னலாம் இல்லியாட்டி அவன்?"

"தின்னலாம் மாமி."

"உங்கச் சட்டியில உள்ளதுதான். நெத்திலி. பிடி, கை கடுக்குது."

பிளஸ்ஸி தட்டை வாங்கிக்கொண்டாள். நேசபாய் போகவில்லை. சுவரில் பெயர்ந்திருந்த காரையைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். அழுது வீங்கிய கண்.

"கோவமா மாமி?"

"கோவம்தான். ஊரு முழுக்க நான்தானே சொல்லி நடந்தேன், எனக்கு வெக்கமா இருக்காதா?" தன் வீட்டு மாடி ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, அந்த ஆஸ்பத்திரியில எந்தக் கெழமையாக்கும் பாப்பாவ?"

"வியாழக்கிழமை மாமி."

"ம்." காரை பொடியாக உதிர்ந்தது. "ஜெரிஷுக்கு விசா தடை ஒண்ணும் இல்லட்டி. துபாய்ல சம்பாதிச்சது அவ்ளவையும் அந்தப் போன்லதான்... வேலைய விட்டு அனுப்பிட்டாவ. ரூம விட்டு வெளிய வரமாட்டுக்கான். நான்தான் விசான்னு எழுதிக் குடுத்தேன். எபிசன் எந்திச்சு நின்னு சொன்ன அன்னைக்கு எனக்கு அப்பிடியே தரைக்குள்ள போவணும்போல இருந்துது."

பிளஸ்ஸி தட்டைத் துவைகல்லில் வைத்துவிட்டு, சுவருக்கு மேலே கையை நீட்டி நேசபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையிலும் காரைப்பொடி ஒட்டியது.

"வாற வியாழன் அவனையும் கூட்டிட்டு வாங்க மாமி. ஒரே பஸ்ஸுல போவோம். இவிய அவன்கிட்ட பேசுவாவ."

"பஸ் ஸ்டாப்புல எல்லாரும் நிப்பாவளே. எங்கன்னு கேட்டா என்னன்னு சொல்லுவோம்?" நேசபாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பல்லு வலின்னு சொல்லிருவமா?"

"வேண்டாம் மாமி" என்றாள் பிளஸ்ஸி. "ஞானையன் மாமா பல்லுக்கும் ஒரு பட்ட வெட்டிக்கிட்டு வந்திருவாவ. அந்தக் காலோட."